ஊருக்குத்தான் உபதேசமா? ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவும் டார்செட் கூலிக்காரர்களும்

பிப்ரவரி 2

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சமூகச் சீர்திருத்தவாதி ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டது: "ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவை ஏழைகளின் காவலன் என்று எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள். லங்காஷயர் மில் முதலாளிகளிடம் பத்து மணி நேர வேலைக்காக மல்லுக்கு நின்றவர், சொந்த டார்செட் மாவட்டத்தில் விவசாயக் கூலி வாரம் ஏழெட்டு ஷில்லிங்கில் கிடந்தபோது எங்கே போனார்? ஊருக்குத்தான் உபதேசம். பண்ணைக்காரர் ஏழைக்காக உழைத்தார் என்பதெல்லாம் பண்ணைக்காரர்களே எழுதி வைத்த கதை."

பிப்ரவரி 2, இரவு

இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆறு வருடமாக டார்செட்டில் இருக்கிறேன், மனநல வார்டில் நர்ஸ். அந்தக் குடும்பத்தின் ஊரான விம்போர்ன் செயின்ட் ஜைல்ஸ் எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்தான்.

முதலில் வருடக் கணக்கைப் பார்ப்போம். ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் சொந்தப் பெயர் ஆந்தனி ஆஷ்லி கூப்பர், 1801 ஏப்ரலில் பிறந்தார். அப்பா, ஆறாவது பிரபு, 1851 ஜூனில் இறந்த பிறகுதான் பட்டமும் நிலமும் இவர் கைக்கு வந்தன. ஐம்பது வயது வரை வெறும் ஆஷ்லி. ஒரு குழி நிலம்கூட இவர் சொல் கேட்காது. சுரங்கச் சட்டம் 1842, பத்து மணிச் சட்டம் 1847. இரண்டுமே அதற்கு முன்னால் வந்தவை. பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடனோடுதான் காலம் தள்ளினார். ஆகவே "தன் கூலிக்காரன்" என்று சொல்வது தப்பு. அப்பாவின் கூலிக்காரன்.

பிப்ரவரி 3

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். பாதிதான் சரி.

நிலம் அப்பாவுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1831 முதல் 1846 வரை டார்செட்டின் எம்.பி.க்களில் ஆஷ்லியும் ஒருவர். டால்படில் அதே மாவட்டத்துக் கிராமம். கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 8, பிறகு 7 என்று இறங்கி, 6 ஆகப் போகிறது என்ற பேச்சு வந்ததும் ஆறு பேர் சங்கம் வைத்தார்கள். சங்கம் வைப்பது அப்போது சட்டப்படி குற்றமே இல்லை. அதனால் ரகசியமாகச் சத்தியம் செய்தார்கள் என்று பிடித்து, 1834-இல் ஏழு வருடத் தண்டனை கொடுத்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அந்த மக்களின் பிரதிநிதி என்று நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் இவரும் உண்டு.

தொழிற்சங்கத்தின் மேல் இவருக்கு நம்பிக்கையே கிடையாது. எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்டுகளைக் கண்டால் பயம். ரகசிய வாக்கெடுப்பு மசோதா 1871-இல் மேலவையில் தோற்றது இவர் கொண்டுவந்த தீர்மானத்தால்தான். ஏழைக்கு நல்லது நடக்க வேண்டும், அதைப் பெரிய வீட்டுக்காரர்கள் செய்துதர வேண்டும், ஏழை தானாக எழுந்து கேட்கக் கூடாது. கடைசி மூச்சு வரை இதுதான் அவர் நினைப்பு. இது எனக்குப் பிடிக்காத ஷாஃப்ட்ஸ்பரி. இதை மறைத்துவிட்டு மற்றதைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரி 3, மதியம்

விட்டுப்போன ஒன்று. அந்த 1831 டார்செட் இடைத்தேர்தலில் இவர் தரப்புக்கு ஆன செலவு 15,000 பவுனுக்கு மேல். அதில் பெரும்பகுதி சத்திரங்களிலும் சாராயக் கடைகளிலும் வாக்காளர்களுக்காகப் போனது. பின்னாளில் இவ்வளவு பக்திமானாக அறியப்பட்டவரின் தேர்தல் கணக்கு இது.

பிப்ரவரி 5

"அப்படிப்பட்டவர் எதற்காக மில் பிள்ளைகள் விஷயத்தில் தலையிட்டார்? என்ன லாபம்?" என்று ஒரு தம்பி கேட்கிறார்.

லாபம் ஒன்றும் இல்லை தம்பி. பெரிய பதவி எதிலும் அவர் உட்காராமல் போனதற்கு இந்த வேலையும் ஒரு காரணம். எனக்குப் புரிந்தவரை அவரை உருவாக்கியது அவருடைய குழந்தைப் பருவம். அப்பா அம்மா இரண்டு பேருமே பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காதவர்கள். வீட்டைக் கவனித்துக்கொண்ட மரியா மில்லிஸ் என்ற பெண்தான் மடியில் உட்கார வைத்து ஜெபம் சொல்லிக் கொடுத்தவர். இவர் சிறுவனாக இருக்கும்போதே அவர் இறந்துபோனார். தன் தங்கக் கடிகாரத்தை இந்தப் பிள்ளைக்கு என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். பிரபு ஆன பிறகும் இவர் வேறு கடிகாரம் வைத்துக்கொள்ளவில்லை. தனக்கு வாய்த்ததிலேயே நல்ல சிநேகிதி கொடுத்தது என்று கடைசி வரை காட்டிக் காட்டிச் சொன்னார்.

இன்னொன்று, ஹாரோ பள்ளியில் படிக்கும்போது நடந்தது. மலைச் சரிவில் ஒரு ஏழையின் பிணத்தைத் தூக்கி வருகிறார்கள். தூக்குகிறவர்கள் நல்ல குடிபோதையில் பாடிக்கொண்டு வருகிறார்கள். முனை திரும்பும்போது பெட்டி கை நழுவி விழுகிறது, அதற்கும் ஒரு வசவு. கூட அழுது வர ஒரு ஆள் இல்லை. சாவில்கூட ஒரு மனிதனுக்கு மரியாதை இல்லாமல் போனதை நேரில் கண்ட அந்தப் பையனுக்கு அப்போது பதினாலு, பதினைந்து வயது இருக்கும். அந்த இடத்தில் இன்றைக்கும் ஒரு கல்வெட்டு உண்டு.

பிப்ரவரி 8

சுரங்கம் பற்றி எழுதச் சொன்னீர்கள். இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். படித்த இரவெல்லாம் மனசு சரியாக இருக்காது.

1840-இல் ஆஷ்லி கேட்டு வாங்கிய விசாரணைக் குழு, குழந்தைத் தொழில் பற்றியது. அதிகாரிகள் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கிப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசினார்கள். அறிக்கை 1842 மே மாதம் வெளியானது, படங்களோடு. இடுப்பில் வார் கட்டி, கால் நடுவே சங்கிலி ஓட, நாலு காலில் தவழ்ந்து நிலக்கரி வண்டி இழுக்கும் பெண் பிள்ளையின் படம். அறிக்கையைப் படிக்க நேரமில்லாத கனவான்கள்கூடப் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்கள்.

யார்க்‌ஷயரில் பார்ன்ஸ்லி பக்கம் கேபர் சுரங்கத்தில் சாரா கூடர் என்ற எட்டு வயதுப் பெண். வேலை, கதவு திறப்பது. காற்றுப் போக்கை ஒழுங்கு செய்யச் சுரங்கப் பாதைகளில் சின்னக் கதவுகள் இருக்கும். வண்டி வரும்போது கயிற்றை இழுத்துத் திறக்க வேண்டும், போனதும் மூடிவிட வேண்டும். விடிகாலை நாலு மணிக்கு, சில நாள் மூன்றரைக்கே உள்ளே போனால் சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்கு வெளியே. விளக்கு கிடையாது. அவள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள்: களைப்பாக இல்லை, ஆனால் பயமாக இருக்கிறது. வெளிச்சம் இருக்கும்போது சில நேரம் பாடுவேன். இருட்டில் பாட மாட்டேன், தைரியம் வராது.

எட்டு வயதுப் பிள்ளை இருட்டில் என்ன செய்கிறாள் என்று ஒரு அதிகாரி குனிந்து கேட்டிருக்கிறார், பாட்டைப் பற்றிகூட எழுதியிருக்கிறார். அந்த வரிக்காகவே எனக்கு அந்த அறிக்கை மேல் மதிப்பு.

1842 ஜூன் 7, ஆஷ்லி இரண்டு மணி நேரம் பேசினார். எதிர்முகாமில் இருந்த ரிச்சர்ட் காப்டன் என்ற எம்.பி. எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையை அழுத்தினார். மேலவையில் லண்டன்டெரி பிரபு போன்ற சுரங்க முதலாளிகள் வரிந்து கட்டிக்கொண்டு எதிர்த்தார்கள். பையன்கள் சுரங்கத்தில் இறங்கக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்று ஆஷ்லி கேட்டார். பேரம் பேசிப் பேசி 10-க்கு இறங்கியது. பெண்கள் யாரும், எந்த வயதிலும், பூமிக்கு அடியில் வேலை செய்யக் கூடாது என்பது நின்றது.

ஆனால் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போட்ட இன்ஸ்பெக்டர் ஒருத்தர். மொத்த நாட்டுக்கும் ஒருத்தர்! இதைப் பற்றி எழுத வேண்டியது இன்னும் இருக்கிறது, அடுத்த முறை.

பிப்ரவரி 9

திருத்தம், பெரியவர் ஒருவர் சுட்டிக்காட்டியது. பத்து மணிச் சட்டத்தை ஆஷ்லியின் கணக்கில் எழுதிவிட்டேன். 1847-இல் மசோதாவை நிறைவேற்றியவர் ஜான் ஃபீல்டன், ஆல்டம் தொகுதி உறுப்பினர். அவரே பெரிய பருத்தி மில் முதலாளி. ஆஷ்லி அப்போது அவையிலேயே இல்லை. வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்ட தானியச் சட்டத்தைக் காப்பேன் என்று வாக்குக் கேட்டு வந்தவர், அந்தச் சட்டம் போகத்தான் வேண்டும் என்று மனம் மாறியதும், 1846 ஜனவரியில் டார்செட் இடத்தை ராஜினாமா செய்தார். கொள்கை மாறினால் சீட்டையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்த மனிதர். 13 வருடம் சுமந்த மசோதா கரை சேரும் நேரத்தில் உள்ளே இல்லை.

இதில் நம் ஆட்களுக்குத் தெரிந்த ஒரு பெயரும் வருகிறது. பத்து மணி மசோதாவை முதலில் தூக்கியவர் மைக்கேல் சாட்லர். அவர் 1832 டிசம்பரில் லீட்ஸில் தோற்றதால்தான் பொறுப்பு ஆஷ்லி தலையில் வந்தது. சாட்லரைத் தோற்கடித்தது யார்? மெக்காலே. இரண்டே வருடத்தில் மெட்ராஸில் வந்து இறங்கி ஊட்டிக்குப் போன அதே மெக்காலே. 1846-இல் அவரும் மனம் மாறி, பத்து மணிக்கு ஆதரவாக நீண்ட உரை நிகழ்த்தினார். இதைப் படித்த அன்று வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன்.

பிப்ரவரி 9, இரவு

1850-இல் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும். முதலாளிகள் பெண்களையும் இளம் வயதினரையும் மாற்றி மாற்றி ஷிஃப்டில் போட்டுச் சட்டத்தை ஏமாற்றினார்கள். அதை அடைக்க, காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான் வேலை என்று வகுத்தபோது, தினம் அரை மணி நேரம் கூடுதலாக விட்டுக்கொடுக்க ஆஷ்லி சம்மதித்தார். தொழிலாளர் பலர் துரோகி என்றே திட்டினார்கள்.

பிப்ரவரி 12

எங்கள் அப்பத்தா கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லில் ரீலிங்கில், அதாவது நூல் சுற்றும் பிரிவில், வேலை செய்தவர். பன்னிரண்டு வயதில் போனாராம், முப்பதுகளின் கடைசியில். விடியுமுன் மில் சங்கு ஊதும், தூக்குப்போசியில் பழைய சோறு. கேட்டால் கஷ்டத்தைப் பற்றிச் சொல்ல மாட்டார். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: "இன்ஸ்பெக்டர் வந்தா எங்களைப் பஞ்சு மூட்டைக்குப் பின்னால உக்கார வெச்சிருவாங்க. மூச்சு விடப்படாது. தும்மல் வந்தா முந்தானையை வாயில வெச்சு அமுக்கிக்குவேன்."

சின்ன வயதில் எனக்கு இது கண்ணாமூச்சி விளையாட்டுக் கதை. 1833 சட்டத்தைப் படிக்கும்போதுதான் வேறு மாதிரித் தெரிந்தது. அதற்கு முன்பும் 1802, 1819 என்று சட்டங்கள் இருந்தன, போய்ப் பார்க்க ஆள் இல்லாததால் காகிதத்திலேயே கிடந்தன. 1833-இல்தான் முதல் முறையாகச் சம்பளம் வாங்கும் இன்ஸ்பெக்டர்கள், நாலு பேர், மில்லுக்குள் நுழைய அதிகாரத்தோடு. ஒன்பது வயதுக்குக் கீழே வேலை இல்லை, பதின்மூன்று வரை வாரம் 48 மணி. ஆஷ்லிக்கு அந்தச் சட்டம் பிடிக்கவில்லை, அவர் கேட்ட பத்து மணி அதில் இல்லை. ஆனால் அந்த நாலு பேரின் அறிக்கைகளை வைத்துத்தான் பிறகு வந்த வருடங்களில் வாதாடினார்.

இந்தியாவுக்கும் இதே கேள்வியை 1879-இல் மேலவையில் எழுப்பினார். 1881-இல் முதல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் வந்தது: ஏழு வயதுக்குக் கீழே வேலை இல்லை, பன்னிரண்டு வரை தினம் ஒன்பது மணி, அதுவும் நூறு பேராவது வேலை செய்யும் இடங்களில் மட்டும். பம்பாய் மில்கள் மலிவாக நெய்வதைப் பொறுக்காத மான்செஸ்டர் முதலாளிகளும் பின்னால் இருந்து தள்ளினார்கள் என்பது உண்மை. எந்தக் கை தள்ளினாலும் ஏழு வயதுப் பிள்ளை வெளியே வந்தது நல்லதுதான் என்று நினைக்கிறேன். பெரியவர்களுக்குப் பத்து மணி என்பது இந்தியாவுக்கு 1934-இல்தான் வந்தது. இங்கிலாந்துக்கும் நமக்கும் நடுவே 87 வருடம். அதற்குப் பிறகும் அப்பத்தா பஞ்சு மூட்டைக்குப் பின்னால்தான்.

பிப்ரவரி 16

முதல் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். நடுவில் ஒரு முழு ஓய்வு நாள் கிடைத்தது, செயின்ட் ஜைல்ஸ் போய் வந்தேன். மழை. கோயிலை ஒட்டிச் செங்கல்லில் கட்டிய 1624-ஆம் வருட ஏழைகள் விடுதி இருக்கிறது, இவருடைய முன்னோர் கட்டியது. அந்தச் சுவரை ஒட்டி நின்றுகொண்டு யோசித்தேன்: இருநூறு வருடமாக ஏழைக்கு விடுதி கட்டிக் கொடுத்த குடும்பம், அந்த ஏழைக்குக் கூலி ஏற வழி செய்யவில்லையே.

பிப்ரவரி 2 அன்று நான் விட்ட ஒன்று, அவர் எப்போது பேசினார் என்பது. 1843 நவம்பரில் ஸ்டர்மின்ஸ்டர் நியூட்டனில் ஒரு விவசாயச் சங்க விருந்து. முழுக்கப் பண்ணைக்காரர்கள், குத்தகைக்காரர்கள். அங்கே எழுந்து, நம் மாவட்டத்துக் கூலியும் குடிசையும் வெட்கக்கேடு, முதலில் நம் வீட்டை நாம் திருத்துவோம் என்று சொன்னார். அப்பாவுக்கு வந்த கோபத்தில் வீட்டு வாசல் மறுபடி மூடிக்கொண்டது. அதற்கும் முன்னால் பத்து வருடத்துக்கு மேல் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து, 1839-இல்தான் சேர்ந்திருந்தார்கள்.

நீங்கள் கேட்ட கேள்வியை அடுத்த வருடமே நாடாளுமன்றத்தில் கேட்டவர் ஜான் பிரைட், ரோச்டேல் மில் குடும்பத்தவர். எங்கள் மில்லில் குறை தேடும் பிரபு, டார்செட் வயலை ஏன் பார்க்கவில்லை என்றார். நியாயமான அடி. ஆனால் பார்த்துப் பேசியதற்காக வீட்டை விட்டு விலக்கப்பட்டவரிடம் அப்போது கேட்கப்பட்டது.

1851-இல் நிலம் வந்தது. டார்செட்டில் மட்டும் 17,000 ஏக்கருக்கு மேல், கூடவே மலைபோல் கடன். கிராமத்துக் குடிசைகளைப் பார்த்து வேதனைப்பட்டு எழுதினார். குடும்ப ஓவியங்களை விற்றுக் கூலிக்காரர்களுக்கு வீடு கட்டினார். நம்பிய பண்ணை மேலாளர் வருடக்கணக்கில் ஏமாற்றியது பிறகு தெரிந்து வழக்கு, செலவு. வீடு கட்டினார், பள்ளி நடத்தினார். கூலியோ? கூலி கொடுப்பது நிலச் சொந்தக்காரர் அல்ல, அவரிடம் குத்தகைக்கு எடுத்த பெரிய விவசாயி. இந்த மூன்று அடுக்கை மீறி அவர் எதுவும் செய்யவில்லை. மில்லுக்கு இன்ஸ்பெக்டர் கேட்டவர், சுரங்கத்துக்குக் கேட்டவர், தன் ஊர் வயலுக்குக் கேட்கவில்லை. உங்கள் கேள்வியில் நிற்கும் பகுதி இதுதான் சகோதரரே. முதல் நாள் நான் அவசரப்பட்டு உங்களை மறுத்தேன்.

பிப்ரவரி 20

நைட் டூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன்.

மில், சுரங்கம் எல்லாவற்றையும் விட அவர் அதிக காலம் செய்த வேலையைப் பற்றி இதுவரை யாருமே கேட்கவில்லை. 1827-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று லண்டனின் தனியார் மனநோய் விடுதிகளை விசாரித்தது, ஆஷ்லி அதில் உறுப்பினர். பெத்னல் கிரீனில் ஒரு விடுதி. படுக்கையை நனைக்கும் நோயாளிகளைச் சனிக்கிழமை மத்தியானம் வைக்கோல் பெட்டியில் சங்கிலியால் கட்டிப் போட்டு, திங்கட்கிழமைதான் அவிழ்ப்பார்கள். காவலாளிகளுக்கு விடுமுறை வேண்டும் அல்லவா? திங்கள் காலை, உறைய வைக்கும் குளிரிலும், தொட்டித் தண்ணீரில் கழுவிவிடுவார்கள்.

1828-இல் இது பற்றித்தான் அவருடைய முதல் முக்கியப் பேச்சு. குரல் எழும்பவில்லை, பக்கத்தில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. மனநோய் விடுதிகளைப் பார்வையிட அந்த வருடம் அமைந்த கமிஷனில் உறுப்பினராகி, சில வருடங்களில் தலைவராகி, 1845-இல் நாடு முழுவதற்குமான நிரந்தரக் கமிஷன் வந்தபோது அதற்கும் தலைவராகி, 1885 அக்டோபர் 1 அன்று ஃபோக்ஸ்டனில் சாகும் வரை அந்த நாற்காலியில் இருந்தார். 57 வருடம், சம்பளம் இல்லாமல். நடுவில் சொந்த மகன் மாரிஸுக்கே வலிப்பு நோய், சுவிட்சர்லாந்தில் வைத்துப் பார்த்தும் இளம் வயதிலேயே போய்விட்டான்.

1845 சட்டத்தில் எனக்கு மிக நெருக்கமானது ஒன்று உண்டு. நோயாளியைக் கட்டினாலும், தனியறையில் பூட்டினாலும், அதை மருத்துவக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். கமிஷனர் எப்போது வந்தாலும் அந்த ஏட்டைக் கேட்பார். கட்டாதே என்று சொல்லவில்லை, எழுது என்றது. எழுத வேண்டும் என்றாலே கை தயங்கும். நேற்று இரவு எங்கள் வார்டில் ஒரு பெரியவரைத் தன்னையே காயப்படுத்திக்கொள்ளாமல் இருக்க மூன்று பேர் பிடிக்க வேண்டி வந்தது. நாலு நிமிடம். பிறகு நான் உட்கார்ந்து எழுதியது ஒன்றரைப் பக்கம்: எத்தனை மணிக்கு, யார் எந்தக் கையை, ஏன், அதற்கு முன் என்னென்ன சொல்லிப் பார்த்தோம். எழுதும்போதே, பிடிப்பதற்கு முன்பே தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருந்தால் அவர் அடங்கியிருப்பார் என்று தோன்றியது. அதையும் எழுதினேன்.

பிப்ரவரி 20, மாலை

தூங்கி எழுந்து பார்த்தால் கழுதையைப் பற்றி யாரோ கேட்டிருக்கிறார்கள். ஆமாம், உண்மைதான். லண்டன் கோல்டன் லேன் தள்ளுவண்டி வியாபாரிகள் தங்கள் சங்கத்தில் இவரையும் சேர்த்துக்கொண்டு, ஒரு கழுதையைப் பரிசளித்தார்கள். அதைச் செயின்ட் ஜைல்ஸுக்குக் கொண்டுபோய் வளர்த்தார். நான் போன அன்று அந்தப் புல்வெளியைத்தான் முதலில் தேடினேன்.

பிப்ரவரி 24

புகைபோக்கிப் பையன்கள். இதை எழுதாமல் விட முடியாது, ஏனென்றால் இன்ஸ்பெக்டர் கதையும் மனநல விடுதிக் கதையும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வது இங்கேதான்.

சுத்தம் செய்யப் புகைபோக்கிக்குள் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்று 1840-இல் சட்டம். பார்க்க ஆள் இல்லை. 1864-இல் ஷாஃப்ட்ஸ்பரியே இன்னொரு சட்டம் கொண்டுவந்தார், அபராதம் கூடியது. அப்போதும் ஆள் இல்லை. வீட்டுக்குள் நடப்பதை யார் போய்ப் பார்ப்பது? நடுவர்களாக உட்கார்ந்தவர்களின் வீட்டிலேயே பையன்கள் ஏறினார்கள்.

1875 பிப்ரவரியில் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் ஒரு புகைக்குழாயைச் சுத்தம் செய்ய ஏற்றப்பட்டு உள்ளே சிக்கிக்கொண்டான். சுவரை இடித்து வெளியே எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது. அந்தக் கட்டடம் கேம்பிரிட்ஜ் பக்கம் ஃபுல்போர்ன் மனநல விடுதி. 1845 சட்டம் வந்ததால் மாவட்டங்கள் கட்டாயமாகக் கட்டிய விடுதிகளில் ஒன்று. ஷாஃப்ட்ஸ்பரியின் கமிஷனர்கள் வந்து ஏடு பார்க்கும் இடம்.

அந்த வருடமே மூன்றாவது சட்டத்தைக் கொண்டுவந்தார். புகைபோக்கி சுத்தம் செய்பவர் ஒவ்வொருவரும் வருடா வருடம் போலீஸில் உரிமம் வாங்க வேண்டும், பிள்ளையை ஏற்றினால் உரிமம் போகும், கண்காணிப்பது போலீஸ் வேலை. அதற்குப் பிறகுதான் அந்த வழக்கம் நின்றது. 1840-இல் அவருக்கு 39 வயது, 1875-இல் 74.

பிப்ரவரி 25

முதல் கேள்வி கேட்ட சகோதரர் தனியாக எழுதியிருந்தார். அவருடைய தாத்தாவும் மில்காரராம், அதே ஊர். எங்கள் அப்பத்தா எந்த மில்லில் இருந்தார் என்று கேட்கிறார். அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை கேட்டுச் சொல்கிறேன்.